பங்குனி, சித்திரையில் கடலுக்குத் தூண்டிலோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் மாதக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்று அடங்கும். தென்மேற்குக் காற்று தொடங்கும்வரை நடுவில் கிடைக்கும் சில வாரங்களில் மலாக்கா நீரிணை காலை வேளையில் எண்ணெய் ஊற்றியதுபோல் அமைதியாகக் கிடக்கும். பத்தாங் பெர்ஜுந்தாய் செம்பனைத் தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் கூட்டுச் சேர்ந்து குவாலா சிலாங்கூரில் போட் வாடகைக்கு எடுக்கும் காலம் இதுதான். ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி வெகுநாளாகிவிட்டது, எங்கள் வாயில்தான் இன்னும் மாறவில்லை. பதினைந்து வருடமாக இந்தப் பயணங்களுக்கு ஆள் சேர்ப்பது நான். வெறும் பெட்டியோடு திரும்பிய பயணங்களை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் கடலில் எதுவும் தவறவில்லை. நாள் குறித்த அன்றே தவறிவிட்டது.

எல்லாரும் முதலில் கேட்பது "எப்போ லீவு?" என்பதைத்தான். பங்குனி உத்திரத்துக்குக் காவடி பார்க்க வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் வந்திருப்பார்கள், மறுநாள் போட் எடுத்துவிடலாம் என்று முடிவாகும். சித்ரா பௌர்ணமியை ஒட்டியும் இப்படித்தான். இரண்டுமே முழுநிலா நாட்கள். முழுநிலாவிலும் அமாவாசையிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. மார்ச் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வருவதால் அந்த இழுப்பு இன்னும் கூடிவிடும். கிள்ளான் துறைமுகத்தில் இந்தப் பெருநீர் நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் திரும்பிப் போக வேண்டும். நீரோட்டம் மிக வேகமாக இருப்பது பௌர்ணமி அன்றுகூட இல்லை. அதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான், அதாவது திருவிழா முடிந்து நமக்கு நேரம் கிடைக்கிற அதே நாட்களில்.

ஒருமுறை நாங்களும் உத்திரத்துக்கு மறுநாள் போனோம். பெர்மாத்தாங் செடெப்பா கலங்கரை விளக்கத்தின் பக்கம் நங்கூரம் போட்டோம். அரைக் கிலோ ஈயம் கட்டி இறக்கினேன். நூல் கீழே இறங்கவில்லை. பட்டம் விட்டதுபோல் போட்டுக்குப் பின்னால் சாய்ந்து ஓடிக்கொண்டே இருந்தது, ஈயம் அடியைத் தொட்ட அதிர்வு கைக்கு வரவே இல்லை. பத்து நிமிடத்தில் எட்டுப் பேர் நூலும் போட்டுக்கு அடியில் சடைபோல் பின்னிக்கொண்டது. தெகோங் (போட் ஓட்டுகிறவர்) ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்து ஒவ்வொன்றாக அறுத்தார். அன்றைக்கு மீன் பிடிக்க நேரம் கிடைத்ததே, தண்ணீர் திரும்பும் முன்னும் பின்னும் அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் வாடகைப் பணம் தண்ணீரோடு போனது.

அடித்தூண்டில் போட ஏற்ற நாட்கள் அஷ்டமியை அடுத்து வரும் நவமி, தசமி. அரைநிலாவில் சூரியன் ஒரு பக்கமும் சந்திரன் அதற்குக் குறுக்குப் பக்கமும் இழுப்பதால் தண்ணீர் சோர்ந்துவிடும். மலாய்த் தெகோங்குகள் 'ஆயிர் மாத்தி' என்பது இதைத்தான். ஆனால் நம் வீடுகளில் அஷ்டமி, நவமி என்றாலே முகம் சுளிப்பார்கள். நான் முன்பணம் கட்டப் புறப்பட்டபோது அத்தை கேட்டார், "நவமியில போய் பணம் கட்டுறியே தம்பி, வேற நாளே கிடைக்கலையா?" பணத்தை முதல் வாரமே கட்டிவிட்டு, பயணத்தை மட்டும் நவமியில் வைத்துக்கொண்டேன். அத்தை மனதும் நோகவில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் திதியைப் பார்த்து முதலில் நாளைக் குறியுங்கள், லீவை அப்புறம் கேளுங்கள். மணிக் கணக்குக்கு ஏற்ற வற்ற அட்டவணை இருக்கிறது. மறுநாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதை நினைவில் வைத்தால் போதும். தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டாலும் மீன் இரை எடுக்காது. மெதுவாக ஓட வேண்டும், ஈயமும் அடியில் நிற்க வேண்டும், அந்த நடுநிலைதான் நமக்குத் தேவை. எங்கள் பக்கத்துக் கழிமுகம் சேறு படிந்து ஆழம் குறைந்தது என்பதால், எத்தனை மணிக்குத் திரும்பி உள்ளே வர முடியும் என்றும் தெகோங்கிடம் கேட்டு வையுங்கள்.

அடுத்தது வானம். இந்த மாதங்களில் காலை அமைதியாக இருப்பதை நம்பி, "இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம் அண்ணே" என்று தெகோங்கை வற்புறுத்துவது பெரிய தவறு. பருவக்காற்று மாறும் காலத்தில் மதியத்துக்குமேல் இடி மழை கட்டும். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரும் காற்று வேறு வகை. கறுப்பாக ஒரு வரிசை மேகம் தெரிந்த கொஞ்ச நேரத்தில் கடல் எழும்பிவிடும். மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் கடல் முன்னறிவிப்பைக் கிளம்புமுன் பாருங்கள். மின்னல் தெரிந்தால் தூண்டில் கம்பைக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். இப்போது விற்கும் கம்பில் பெரும்பாலும் கார்பன் இருக்கிறது, அது மின்சாரத்தைக் கடத்தும். மேலே கட்டியிருக்கும் தார்பாய் வெயிலுக்குத்தான், மின்னலுக்கு இல்லை. தெகோங் 'திரும்பலாம்' என்றால் திரும்புவதுதான். வாடகை கொடுத்தவர் நாம் என்றாலும், கடலைத் தெரிந்தவர் அவர்.

போட்டைப் பார்க்காமல் வாடகையை மட்டும் பார்த்துப் பேசுவதும் நம் ஆட்களிடம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பாதுகாப்பு உடுப்பு இருக்கிறதா, ரேடியோ வேலை செய்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். பங்குத்தொகை குறையும் என்று கூட இரண்டு பேரைச் சேர்க்காதீர்கள். யார் யார் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

கடல் மயக்கம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அதனால் நல்ல நாள் முழுதும் கெட்டுப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்குச் சம்பல் வழிய நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுப் போட் ஏறுவார்கள். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் டீசல் புகையும் சேர்ந்தால் எட்டு மணிக்கு ஆள் சுருண்டுவிடுவார். வெறும் வயிறும் ஆகாது. இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் இஞ்சித் தண்ணீர் போதும். டைமென்ஹைட்ரினேட் மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அது தூக்கம் கொடுக்கும் என்பதால் வீட்டுக்குக் கார் ஓட்டுகிறவர் அதைத் தொடக்கூடாது. கண் அழுத்தம், புராஸ்டேட் பிரச்சினை உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஆடும் போட்டில் குனிந்து முள் கட்டுவதைப்போல் தலை சுற்ற வைப்பது வேறொன்றும் இல்லை. பெராம்புட், அதாவது முள் கட்டிய நுனி நூல், எல்லாவற்றையும் முதல்நாள் இரவே வீட்டில் கட்டி, அட்டையில் சுற்றி வைத்துவிடுங்கள்.

ஒரே போட்டில் ஒருவர் நூறு கிராம் ஈயம், இன்னொருவர் முந்நூறு கிராம் என்று போட்டால் நூல் சிக்காமல் என்ன செய்யும்? எல்லாரும் ஒரே எடை, ஏறக்குறைய ஒரே தடிப்பு நூல் என்று கிளம்புமுன்பே பேசிக்கொள்ளுங்கள். ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிடியை, நூல் தாங்கும் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இறுக்காதீர்கள். 30 பவுண்டு நூல் என்றால், வீட்டிலேயே தொங்கு தராசில் மாட்டி இழுத்து, நாலு கிலோவில் ரீல் வழுக்குகிறதா என்று பாருங்கள். என் மச்சான் மகனுக்கு ஒரு ஜெனாஹாக் மீன் மாட்டியது. உயிர் இறாலை விழுங்கிவிட்டுக் கல்லை நோக்கி ஒரே ஓட்டம். ரீல் கிர்ர் என்று சத்தம் போட்டதும் பையன் பயந்து டிராக்கை இறுக்கினான். கம்பு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது, அப்புறம் சட்டென்று நிமிர்ந்துவிட்டது. நூலைச் சுற்றி எடுத்துப் பார்த்தால் முடிச்சு இருந்த இடம் சுருண்டு கிடந்தது. முதல் ஓட்டத்தை ஓட விட வேண்டும், அது நிற்கும்போதுதான் நாம் சுற்ற வேண்டும்.

கிடைத்த மீனைக் கோணிப்பையில் போட்டு வெயிலில் வைப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கெம்போங், தெங்கிரி போன்ற மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பு எழும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்து, கொஞ்சம் கடல் தண்ணீரும் ஊற்றி, மீன் முழுவதும் மூழ்கும்படி வையுங்கள்.

தூண்டிலில் வரும் எல்லாவற்றையும் கையால் பிடிக்க வேண்டாம். திருக்கையின் வால் முள்ளும் செம்பிலாங் கெளுத்தியின் முள்ளும் குத்தினால் உயிர் போகிற வலி. தோல் வெந்துவிடாத அளவு சூடான தண்ணீரில் குத்திய இடத்தை அரை மணி நேரத்துக்குமேல் வைத்தால் வலி தணியும், பிறகு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பேத்தை மீன், அதுதான் புந்தால், வந்தால் தூண்டில் முள்ளைக் கழற்றிக் கடலிலேயே விட்டுவிடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் அழியாது. 2023இல் ஜொகூரில் ஒரு முதிய தம்பதி அதைச் சமைத்துச் சாப்பிட்டு இருவருமே இறந்துபோனார்கள். பக்கத்து வீடுகளுக்குப் பங்கு கொடுக்குமுன் பெட்டியை ஒருமுறை கொட்டி, ஒவ்வொரு மீனும் என்ன மீன் என்று தெரிந்தவரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.