ஒழுகிய படகும் ஒரே ஒரு தூண்டில் ராடும்

பழைய 12 அடி அலுமினியப் படகு ஒன்று கைக்கு வந்தது. தண்ணீரில் இறக்கி அரை மணி நேரத்தில் கணுக்கால் நனைந்துவிட்டது. ஓட்டையைத் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம்தான் தலைகீழாக யோசித்தேன். படகைத் தடித்த கட்டைகள்மேல் ஏற்றி, உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டேன். அடியில் படுத்துப் பார்த்தால், தகடுகளை இணைக்கும் ஏழு ரிவெட்டு ஆணிகளின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகக் கசிவு!

உள்ளே நண்பர் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, நான் வெளியே சுத்தியலால் தட்டினேன். ஐந்து ரிவெட்டுகள் அதிலேயே இறுகிவிட்டன. மற்ற இரண்டையும் துளைத்தெடுத்து, பசை தடவி, ஒரு பக்கமிருந்தே கருவியால் இழுத்து இறுக்கும் பாப் ரிவெட்டில் முனை மூடிய வகையைப் போட்டேன். சாதாரண பாப் ரிவெட் வேண்டாம். அதன் நடுத்துளை வழியாகவே தண்ணீர் வரும்.

மோட்டார் மாட்டும் பின்பலகை உளுத்திருந்தது. புது மரைன் பிளைவுட் வெட்டி, போல்ட் துளைகளின் உட்புறம் வரை, தண்ணீர் புகாமலிருக்க எபாக்ஸி பிசின் பூசினேன். செம்பு மருந்து ஏற்றிய மரம் அலுமினியத்தை அரித்துவிடும், அதைத் தொடவே இல்லை.

படகு தயார், இனி தூண்டில். பாஸ் என்ற மீனைப் பிடிக்கச் சாமான் வாங்கப் போனால் எல்லாமே வேண்டும்போலத்தான் இருக்கும். நான் எடுத்தது 7 அடி மீடியம் ஹெவி (சற்று விறைப்பான) ராடு ஒன்று, 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, இரைக்கு ரப்பர் புழு, 3/0 அளவு தூண்டில் முள். முள்முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே செருகிவிட்டால் பாசியில் மாட்டாது.

சரி, எல்லாம் முடித்துப் படகை இறக்கினேன். மறுபடியும் கால் நனைந்தது. வடிகால் மூடியை மாட்டவில்லை.