காவிரிக் கரைப் பாட்டுக்காரர்களுக்கு ஒரு மாலை: ஏற்பாடு செய்யும் முறை

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதிகம் பாட 48 பிடாரர்களையும் (ஓதுவார்களையும்), உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டி மத்தளத்துக்கு ஒருவரையும் ராஜராஜன் அமர்த்தி, நாள்தோறும் நெல் அளக்க ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பாடுகிறவர்களைக் கௌரவிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டியதில்லை. யார் பாடுவது, பக்கத்தில் யார் வாசிப்பது, அவர்கள் பிழைப்புக்கு என்ன வழி என்று எல்லாமே முன்கூட்டி யோசிக்கப்பட்டிருக்கிறது. இன்று ஊர்களில் நடக்கும் பாராட்டு விழாக்களில் பொன்னாடைக்கு ஒரு மணி நேரமும் பாட்டுக்குப் பத்து நிமிடமும் ஒதுக்குகிறார்கள். அந்தக் கணக்கை முதலில் திருப்பிப் போட வேண்டும்.

யாரை அழைப்பது, எவ்வளவு நேரம்

டெல்டா மாவட்டங்களில் பாட்டு நான்கு வழிகளில் ஓடுகிறது: கோயில் ஓதுவார்கள், கச்சேரிப் பாடகர்கள், பஜனை கோஷ்டிகள், தேவாலயப் பாடகர் குழுக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழு போதும். மூன்று மணி நேரத்தில் குழுவுக்கு 30 நிமிடம் என்றால் 120. இடையில் மூன்று முறை மேடை மாற்ற, முறைக்கு 8 நிமிடம். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடும் ஒரு பாட்டுக்கு 10, மரியாதை செய்ய 12. மீதி 14 நிமிடம் தாமதத்துக்குப் போய்விடும். ஐந்தாவது குழுவைச் சேர்த்தால் எல்லோருடைய நேரமும் குறையும். அரைமணி நேரம் பாடத் தயாராகி வந்த பெரியவரிடம் "இரண்டு பாட்டோடு முடிச்சுக்குங்க" என்று சீட்டு நீட்டுவதைவிட, அந்தக் குழுவை அடுத்த ஆண்டு அழைப்பது மேல்.

திறந்தவெளி என்றால் ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி முன்பே வாங்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதனால் மாலை 5 மணிக்குத் தொடங்கிவிடுவது நல்லது.

வரிசையைச் சுருதி தீர்மானிக்கட்டும்

யார் மூத்தவர், யாருக்குப் பெயர் அதிகம் என்று பார்த்துத்தான் வழக்கமாக நிகழ்ச்சி நிரல் போடுகிறார்கள். மேடையில் பாதிக் குழப்பம் இதனால்தான் வருகிறது. ஆண்கள் பெரும்பாலும் 1 முதல் 2 கட்டைக்குள் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பாடுவார்கள், பெண்கள் 5 அல்லது 5½. ஒன்றரைக் கட்டைக்கு வாசிக்கும் தக்கு (தாழ்ந்த) சுருதி மிருதங்கத்தை ஐந்தரைக்கு ஏற்ற முடியாது. கல்லும் புள்ளும் வைத்து எவ்வளவு தட்டினாலும் வார் தாங்காது, நாதமும் கெட்டுவிடும். அதற்கு ஹெச்சு (உயர்ந்த) சுருதி மிருதங்கம் தனியாக வேண்டும்.

ஆகவே அழைக்கும்போதே மூன்று கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை கட்டை, உட்கார்ந்து பாடுவீர்களா நின்றா, பக்கவாத்தியம் உங்களுடையதா. பிறகு ஒரே சுருதிக்காரர்களை அடுத்தடுத்துப் போடுங்கள். ஓதுவார் 1½, அடுத்த கச்சேரிப் பாடகரும் அதையொட்டி என்றால் ஒரே மிருதங்கம் ஓடும். மூன்றாவதாகக் கீபோர்டோடு பாடும் தேவாலயக் குழு வந்தால், மிருதங்கக்காரர் அந்த அரைமணியில் அடுத்த மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவைப் பசை ஒட்டிச் சுருதி சேர்த்துவிடலாம். பஜனை கோஷ்டி கடைசியில் வரட்டும்.

ஒவ்வொரு குழுவுக்கும் தெரிந்திருக்க வேண்டியது

ஓதுவார் பாடும்போது எல்லாப் பாட்டுக்கும் தாளம் தேட வேண்டாம். தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம், தாளமின்றி விரித்துப் பாடுவது சுத்தாங்கம். திருத்தாண்டகம் தாளத்தில் அடங்காதது. அங்கே மிருதங்கம் சும்மா இருக்க வேண்டும். அறிவிப்பாளரின் சீட்டில் பண்ணின் (பழந்தமிழ் இசையில் ராகத்துக்குப் பெயர்) பெயரும் இன்று பாடும் ராகமும் இருக்கட்டும்: நட்டபாடை என்றால் கம்பீரநாட்டை, இந்தளம் என்றால் மாயாமாளவகௌளை, கொல்லி என்றால் நவரோஜ், மேகராகக்குறிஞ்சி என்றால் நீலாம்பரி. "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்கி அதையே சொல்லி முடிக்கும் வரை கைதட்டல் இல்லை என்று முதலிலேயே சபைக்குச் சொல்லிவிடுங்கள்.

தேவாலயக் குழுவிடம் நான்கு குரல் பாட்டையும் கேளுங்கள், கீர்த்தனையையும் கேளுங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் ராகத்தில் அமைந்தவை. அவற்றுக்குக் கீபோர்டு கட்டைகள் கமகத்தை (ஸ்வரங்களின் அசைவை) மறைத்துவிடும். கச்சேரிப் பாடகரின் வயலின்காரர் மேடையில்தானே இருக்கிறார், ஒரு கீர்த்தனைக்கு அவரை வாசிக்கச் சொல்லுங்கள். நின்று பாடும் குழு என்பதால் மைக் ஸ்டாண்டை உயர்த்த வேண்டியிருக்கும். முந்தைய குழு பாடும்போதே உயரமான ஸ்டாண்டுகளைப் பக்கத்தில் தயாராக வையுங்கள்.

பஜனை கோஷ்டிக்கு மேடை ஒத்துவராது. கோவிந்தபுரம், திருவிசநல்லூர், மருதாநல்லூர் என்று கும்பகோணத்தைச் சுற்றி வளர்ந்த சம்பிரதாயத்தில் திவ்யநாமம் என்ற பகுதி விளக்கைச் சுற்றி வந்து பாடுவது. சபையின் நடுவே 12 அடி விட்டத்தில் தரையைக் காலியாக விட்டுக் குத்துவிளக்கு வையுங்கள். மைக் ஒயர் அந்த வட்டத்துக்குள் குறுக்கே போகக்கூடாது. சுற்றி வருபவர்களின் கால் சிக்கும், விளக்கும் சாயும்.

சேர்ந்து பாடும் பாட்டு

நான்கு குழுவும் மனமொப்பிப் பாட ஒன்று வேண்டும் என்றால், மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, இருந்த வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளிலிருந்து ஒன்றை எடுங்கள். எந்தக் குழுவும் விருந்தாளியாக உணராது.

ஆணும் பெண்ணும் சேரும்போது சுருதிதான் பெரிய சிக்கல். மூன்று, நான்கு என்று "நடுவில்" வைத்தால் இரு தரப்புக்கும் கெடுதல்: ஆண்கள் மேல் ஸ்தாயியில் கத்துவார்கள், பெண்களுக்கோ மேலே போனால் எட்டாது, கீழே வந்தால் குரலே கேட்காது. 5½ அல்லது 6 கட்டை வைத்து, ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். மந்திர (கீழ் ஸ்தாயி) நிஷாதத்துக்குக் கீழும் தார (மேல் ஸ்தாயி) காந்தாரத்துக்கு மேலும் போகாத பாட்டாகப் பார்த்து எடுத்தால் எல்லோருக்கும் எட்டும்.

இரண்டு ஒத்திகை அவசியம். முதலாவதில் பாடாந்தரத்தை (அவரவர் கற்றுவந்த பாடும் முறையை) ஒன்றாக்குங்கள். எந்தச் சங்கதி (ஒரே வரியை மாற்றிப் பாடும் வகை) எத்தனை முறை என்பதைத் தாளில் குறித்துக் கொடுங்கள். இரண்டாவதில் காலப்பிரமாணம், அதாவது ஒரே வேகம். கோஷ்டியாகப் பாடினால் சரணத்துக்குள் வேகம் ஏறுவது வழக்கம், ஏனென்றால் ஒவ்வொருவரும் பக்கத்துக் குரலுக்குப் பின்தங்கிவிடுவோமோ என்று அரைக்கணம் முந்துவார்கள். எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் ஒருவர் தாளம் போடட்டும். மற்றவர்கள் தொடையில் மெல்லத் தட்டினால் போதும். நீண்ட ஒரே வரிசையாக உட்கார வைக்காதீர்கள். கோடியில் இருப்பவருக்கு மிருதங்க ஒலி தாமதமாகவே போய்ச் சேரும். பிறை வடிவில் இரண்டு வரிசை சரியாக இருக்கும்.

மைக்

20 பேருக்கு 20 மைக் கேட்காதீர்கள். மூன்று போதும். பாடுகிறவர் வாயிலிருந்து மைக் 2 அடி என்றால், மைக்குக்கு மைக் 6 அடி இடைவெளி. இந்த மூன்று மடங்குக் கணக்கு தவறினால் ஒரே குரல் இரண்டு மைக்கில் விழுந்து ஒலி குழியும். சபைக்கான ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால் நிற்கட்டும், பின்னால் நின்றால் ஊளைதான். மானிட்டரில் பாடுகிறவரின் சொந்தக் குரலைவிடத் தம்புராவே தூக்கலாகக் கேட்க வேண்டும், அது கேட்காமல்தான் சுருதி விலகுகிறது. எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டிக்கு மாற்று ஒன்று கையில் இருக்கட்டும். மைக்குக்கு நேர் மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மரியாதை

பாடி முடித்த உடனே, அதே மேடையில், ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம். பெயர், ஊர், குருவின் பெயர் மூன்றையும் முதல் நாளே பாடுகிறவரிடம் படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்; குருவின் பெயரைத் தப்பாகச் சொன்னால் அந்தப் பொன்னாடைக்கு அர்த்தமில்லை. சன்மானமும் வண்டிச் செலவும் உறையில், அன்றே, பக்கவாத்தியக்காரர்களுக்கும் தனித்தனியாக. பாடுவதற்கு முன் வெந்நீர் கொடுங்கள். சாப்பாடு பிறகு, ஆனால் கடைசிக் குழுவுக்கும் மிச்சமிருக்க வேண்டும்.

மிக்சரிலிருந்து நேரடியாக ஒன்று, சபையின் நடுவில் ஒன்று என இரண்டு பதிவு எடுங்கள். பாடுகிறவரின் சம்மதத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் பாடியவர், குரு, பாட்டின் முதலடி, பண் அல்லது ராகம், தாளம், கட்டை, தேதி என்று பெயரிட்டு, ஒரு படியை ஒரு வாரத்துக்குள் அவரவர் கையில் சேர்த்துவிடுங்கள்.