நியூ வேவ்: குழுவை விட்டு தயாரிப்பாளரைத் தேடுங்கள்

மறந்துபோன நியூ வேவ் (1970களின் இறுதி, 80களின் தொடக்கத்து ராக்-பாப் இசை) பாடல்களைத் தேடும்போது குழுவின் பெயரைப் போடாதீர்கள். பிடித்த ஒரு ஆல்பத்தை டிஸ்காக்ஸ் (Discogs) என்ற இசைத்தட்டு விவரத் தளத்தில் திறந்து, அதன் தயாரிப்பாளர் பெயரைச் சொடுக்கி, அதே ஓரிரு வருடங்களில் அவர் வேறு யாருக்கு வேலை செய்தார் என்று பாருங்கள். இலவசம்தான்.

ஜாய் டிவிஷன் குழுவைப் பிடிக்கும் என்றால் அதன் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட்டைத் தேடுங்கள். 1981இலேயே செக்‌ஷன் 25, பெல்ஜியத்தின் தி நேம்ஸ், நியூயார்க்கின் ஈஎஸ்ஜி என்று மூன்று குழுக்கள் கிடைக்கும். தி நேம்ஸை மட்டும் தவறவிடாதீர்கள், அத்தனை அழகு! மைக் ஹவ்லெட் என்ற இன்னொரு தயாரிப்பாளர் வழியாகப் போனால் மார்த்தா அண்ட் தி மஃபின்ஸ், அப்புறம் சைனா கிரைசிஸ்.

இசைச் செயலிகளின் பரிந்துரை பெரும்பாலும் எல்லோரும் கேட்கும் பாடல்களையே திருப்பித் தருகிறது. ஆனால் அந்தக் காலத்து ஒலியில் பாதி, ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளரின் கைவண்ணம். ட்ரம்ஸைச் சுற்றி ஹேனட் டிஜிட்டல் டிலே (ஒலியைச் சற்றுத் தாமதமாகத் திருப்பித் தரும் கருவி) கொண்டு உருவாக்கிய அந்த வெற்றிடம், குழு மாறினாலும் கூடவே வரும்.

வீட்டிலேயே கேசட்டில் பதிவுசெய்த குழுக்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே வெளியிட்ட லேபிளை, அதாவது இசை நிறுவனத்தைப் பிடித்துப் போக வேண்டும். பழைய பாடலைப் பின்னாளில் புதிதாகப் பாடி வெளியிட்ட பதிப்புகளிலும் தயாரிப்பாளர் வேறாக இருப்பார். வருடத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.