ப்ளஸ் டூ கணக்கு இங்கே செல்லாது: அமெரிக்காவில் ஜூனியர் வருடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவர்களுக்குக் கல்லூரி என்றதும் நினைவுக்கு வருவது ப்ளஸ் டூ மார்க்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி, 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப் என்று பார்த்தால் பொறியியல் கலந்தாய்வில் நம் இடம் ஏறக்குறைய தெரிந்துவிடும். ப்ளஸ் ஒன்னில் கொஞ்சம் அசந்திருந்தாலும் ப்ளஸ் டூவில் பிடித்துவிடலாம். இந்த நினைப்பை அமெரிக்காவுக்கும் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிடுகிறோம். மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பு, அதாவது ஜூனியர் வருடம், படித்தபோது "பன்னிரண்டாவதில் பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மகன் அதே வகுப்பில் இருக்கிறான். தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலும் அதே தவறுகள் நடப்பதைப் பார்ப்பதால் எழுதுகிறேன்.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பித்து முன்கூட்டியே முடிவு அறியும் ஏர்லி டிசிஷன், ஏர்லி ஆக்‌ஷன் விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15 கடைசி நாள். அன்றைக்குப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைந்து இரண்டு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். ஆகவே கல்லூரியின் கண்ணில் முழுதாகப் படுகிற கடைசி வருடம் பதினொன்றாவதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுமம், அதாவது யு.சி., ஒன்பதாவது முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாவது முடிந்த கோடை வரை எடுத்த பாடங்களை வைத்துத்தான் ஜி.பி.ஏ.வை, அதாவது மதிப்பெண் சராசரியை, கணக்கிடுகிறது. டெக்சஸில் இருப்பவர்களுக்கு வகுப்பு ரேங்க் முக்கியம். 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து யு.டி. ஆஸ்டினில், அதாவது ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில், முதல் 5 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கே தானாக இடம் கிடைக்கிறது. அதற்குமுன் 6 சதவீதமாக இருந்தது. விண்ணப்பிக்கும்போது பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது பதினொன்றாவது முடிவில் வந்த ரேங்க். அந்த இடமும் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்குத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்ற உத்தரவாதம் அதில் கிடையாது.

பதினொன்றாவது இவ்வளவு முக்கியம் என்று தெரிந்ததும் அடுத்த தவறைச் செய்கிறோம். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் ஏ.பி. பாடங்களை ஐந்து, ஆறு என்று ஏற்றிவிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை எடுத்தான் என்பது இங்கே கேள்வியே இல்லை. உங்கள் பள்ளியில் என்னென்ன பாடங்கள் இருக்கின்றன, அவற்றில் பிள்ளை எவற்றைத் தேர்ந்தெடுத்தான் என்றுதான் கல்லூரிகள் பார்க்கின்றன. பள்ளியே தன்னைப் பற்றிய விவரக் குறிப்பை மதிப்பெண் பட்டியலோடு அனுப்பிவைக்கிறது. தூக்கம் கெட்டு ஆறு ஏ.பி.யில் பி வாங்குவதைவிட, பிடித்த மூன்றில் நன்றாகச் செய்வது நல்லது என்பதே என் எண்ணம். பன்னிரண்டாவதுக்கான பாடத் தேர்வும் பல பள்ளிகளில் பதினொன்றாவதின் ஜனவரி, பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். பொறியியலுக்குப் போக நினைக்கும் பிள்ளை அந்த நேரத்தில் கால்குலஸை விட்டுவிட்டால், "கொஞ்சம் ஓய்வாக இருக்கட்டும்" என்று நாமும் தலையாட்டிவிட்டால், பிறகு திருத்துவது கடினம்.

தேர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கு முன்னோட்டமாக அக்டோபரில் பள்ளியில் நடக்கும் பி.எஸ்.ஏ.டி.யை எத்தனை முறை எழுதினாலும், நேஷனல் மெரிட் உதவித்தொகைக்குப் பொதுவாகப் பதினொன்றாவதில் எழுதியதுதான் கணக்கு. எஸ்.ஏ.டி. 2024 மார்ச்சிலிருந்து கணினியில் நடக்கிறது, 2 மணி 14 நிமிடம். "இப்போதெல்லாம் டெஸ்ட் ஆப்ஷனல்தானே" என்று விட்டுவிடாதீர்கள். எம்.ஐ.டி. 2022-லேயே தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கியது. 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாக அறிவித்தன. யு.சி.யோ மதிப்பெண்ணை அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. மார்ச்சிலோ மே மாதத்திலோ ஒருமுறை, தேவைப்பட்டால் ஆகஸ்டில் இன்னொரு முறை எழுதினால் போதும். நான்கு முறை எழுதவைத்து வார இறுதிகளைத் தின்ன வேண்டாம்.

கோடை விடுமுறையில்தான் பணம் வீணாகிறது. பெரிய பல்கலைக்கழக வளாகத்தில் ஆயிரக்கணக்கான டாலர் கட்டிச் சேரும் கோடை வகுப்பு அதே பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தரும் என்று நம்பிவிடுகிறோம். பணம் கட்டினால் பெரும்பாலும் யாரும் சேரக்கூடிய வகுப்புக்கு அந்த மதிப்பு இல்லை. எம்.ஐ.டி. வளாகத்தில் நடக்கும் ஆர்.எஸ்.ஐ. போன்ற ஆராய்ச்சிப் பயிற்சிகள் இலவசம், ஆனால் சேர்வது மிகக் கடினம், விண்ணப்பமும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் தேடினால் பணம் கட்டும் வகுப்புகள்தான் மிஞ்சியிருக்கும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். காமன் ஆப்பில் பத்து செயல்பாடுகளை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் விளக்கம் 150 எழுத்துகளுக்குள். அதில் சம்பள வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் தனி வகை உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியைக் கவனித்துக்கொள்வதைப் பிள்ளைகள் எழுதவே தயங்குகிறார்கள், எழுதச் சொல்லுங்கள். பரதநாட்டியம் கற்கும் பெண்களுக்கு அரங்கேற்றம் பெரும்பாலும் இதே கோடையில் வந்து விழுகிறது. நடத்துங்கள், அழகான விஷயம். ஆனால் ஆகஸ்டில் கட்டுரை எழுதவும் நேரம் வேண்டும் என்பதைத் தேதி குறிக்கும்போதே யோசியுங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று வருமான வரி ஆண்டு. அரசு நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவம், கல்லூரி தொடங்குவதற்கு இரண்டு ஆண்டு முந்தைய வரிக் கணக்கைக் கேட்கிறது. 2027 இலையுதிர்காலத்தில் சேரும் பிள்ளைக்கு 2025-ஆம் ஆண்டு வருமானம். அதாவது பத்தாம் வகுப்பின் ஜனவரியில் தொடங்கி, பதினொன்றாம் வகுப்பின் டிசம்பரில் முடிகிற வருடம். கல்லூரிச் செலவுக்கு என்று அந்த வருடத்தில் கம்பெனிப் பங்குகளை விற்றாலோ, ஊரில் இருக்கும் மனையை விற்றாலோ, அந்த லாபம் வருமானத்தில் ஏறி உதவியைக் குறைத்துவிடலாம். விற்கத்தான் வேண்டும் என்றால் எந்த வருடம் என்பதை வரி ஆலோசகரிடம் முன்பே பேசுங்கள்.

விசாவும் இதோடு சேர்ந்தது. இங்கே பிறந்த பிள்ளை, பெற்றோர் எச்1பி வேலை விசாவில் இருந்தாலும் ஃபாஃப்சா நிரப்பலாம். பெற்றோரைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும். உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதைப் பிள்ளையிடம் மறைத்து வைத்திருந்து, அனுமதிக் கடிதம் வந்த பிறகு சொல்வது பெரிய கொடுமை. பதினொன்றாவதிலேயே உட்கார்த்தி வைத்துச் சொல்லிவிடுங்கள். கல்லூரிகளின் இணையதளங்களில் உண்மைச் செலவைக் கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. 2011-லிருந்து அது சட்டப்படி கட்டாயம். நிதியுதவிக்குத் தகுதியுள்ள பிள்ளையோடு சேர்ந்து அதில் எண்களைப் போட்டுப் பார்த்தால், எந்தக் கல்லூரி நம் கைக்கு எட்டும் என்பது ஒரு மாலையில் புரிந்துவிடும்.

கடைசியாக, நாங்களே சறுக்கி விழுந்த இடம். பல தனியார் கல்லூரிகள் இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்கின்றன. எம்.ஐ.டி. ஒன்றைக் கணித அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்தும், இன்னொன்றை மொழி, வரலாறு போன்ற பாட ஆசிரியரிடமிருந்தும் கேட்கிறது. பதினொன்றாவதில் பாடம் எடுத்தவர்களே இதற்குப் பொருத்தமானவர்கள். ஒரு வருடம் முழுக்கப் பிள்ளையைப் பார்த்திருப்பார்கள். எங்கள் மகள் பன்னிரண்டாவது செப்டம்பரில் போய்க் கேட்டாள். அவளுக்கு மிகவும் பிடித்த வேதியியல் ஆசிரியை, "கோடைக்கு முன்பே எல்லோரும் கேட்டுவிட்டார்கள், இனி யாருக்கும் எழுத நேரமில்லை" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார். அவளை அவ்வளவாகத் தெரியாத ஒருவர்தான் கடைசியில் எழுதினார். வகுப்பில் அவள் கேட்ட கேள்விகள், தோற்றுப்போன சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தது, எதுவும் அந்தக் கடிதத்தில் வந்திருக்காது. மார்க்கைத் தாண்டி ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசக்கூடிய பெரியவர் ஒருவரை நாங்களாகவே இழந்தோம். தப்பு அவளுடையது அல்ல. நான் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

கேட்பதற்கு ஏப்ரல், மே மாதம்தான் சரி. மின்னஞ்சலில் கேட்பதைவிட நேரில் போய்க் கேட்கட்டும், பெற்றோர் கேட்கக் கூடாது. ஆசிரியர் சம்மதித்தால், வகுப்பில் தான் செய்தவற்றில் மனதில் நிற்பவை இரண்டு மூன்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம். அதிகம் பேசாத பிள்ளையாக இருந்தால் வருடத் தொடக்கத்திலிருந்தே ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கப் பழக்குங்கள்.

மகன் போன வாரம் வரலாற்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டான். கணித ஆசிரியரிடம் வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் கேட்கப் போகிறான்.