ஆட்டோ கிளச் பைக்குக்கு ஸ்பிரிங் வாங்கும்போது விடும் பிழைகள்

தோட்டத்து ரோட்டில் இன்னும் ஓடுகிற பழைய ஹொண்டா சாலி, கப் 50, 70, 90, எம்.டி. 90 எதற்கும் கையில் கிளச் (எஞ்சினின் சுழற்சியைக் கியருக்குச் சேர்ப்பதும் பிரிப்பதும்) லீவர் கிடையாது. ஏற்றத்தில் எஞ்சின் கத்தியும் வண்டி நகரவில்லை என்று கடையில் சொன்னால், "ஹார்ட் ஸ்பிரிங் போடுங்க" என்று விறைப்புக் கூடிய ஸ்பிரிங் பாக்கெட் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். சில எஞ்சினுக்கு அது சரி. இன்னும் சில எஞ்சினில் அதே ஹார்ட் ஸ்பிரிங்தான் கிளச்சைக் கருக்கும்.

முதல் பிழை, எந்த வகைக் கிளச் என்று பார்க்காமல் வாங்குவது. வலது பக்கக் கவரைக் கழற்றினால் தெரியும். சாலி, பழைய கப் போன்றவற்றில் கிரேங்க் (எஞ்சினின் பிரதான தண்டு) முனையிலேயே தட்டுகள் அடுக்கிய கிளச் இருக்கும். எஞ்சின் வேகம் கூடக்கூட உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கம் நகர்ந்து தட்டுகளை அழுத்தும். இதில் இரண்டு வித ஸ்பிரிங் உண்டு. தடித்த பெரிய ஸ்பிரிங்குகள், தட்டுகளின் மீது விழும் அழுத்தம் உச்சமாக எவ்வளவு போகலாம் என்பதைத் தீர்மானிக்கும். மெல்லிய சின்ன ஸ்பிரிங்குகள், ஐட்லிங்கில் (எக்சிலேட்டர் திருகாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) தட்டுகளைப் பிரித்து வைக்கும். பாரத்தோடு மூன்றாம் கியரில் எக்சிலேட்டரை முழுசாகத் திருகும்போது கிளச் வழுக்கினால் பெரிய ஸ்பிரிங்கை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. புறப்படும்போது மட்டும் வழுக்கினால் அதில் பயனில்லை. அந்த வேகத்தில் அழுத்தம் எடைகளிலிருந்துதான் வருகிறது. சின்ன ஸ்பிரிங்கையும் சேர்த்து ஹார்டாகப் போட்டால் புறப்படுவது இன்னும் மோசமாகும்.

மற்றது ஷூ வகை. பிரேக் ஷூ மாதிரி விரிந்து ட்ரம்மைப் பிடிக்கும். இதில் ஸ்பிரிங் ஷூவை உள்ளே இழுத்துப் பிடிக்கிறது, அதாவது பிடிப்புக்கு எதிராக வேலை செய்கிறது. இழுவிசையை இரட்டிப்பாக்கினால், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் பிடித்த ஷூ ஏறக்குறைய 2,800இல்தான் பிடிக்கும். அதற்கு மேலும் எந்த வேகத்தில் பார்த்தாலும் பிடிப்பு முன்பைவிடக் குறைவுதான். ரேஸ் ஓடுகிறவர்கள் ஹார்ட் ஸ்பிரிங் போடுவது எஞ்சின் நன்றாகச் சுற்றிய பிறகு கிளச் பிடிக்க வேண்டும் என்பதற்காக. கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறுகிறவருக்கு அது ஆகாது. பிந்திய கப் எஞ்சின்கள் சிலவற்றில் ஷூ கிளச்சும், கியர் மாற்றுவதற்கென்று தனித் தட்டுக் கிளச்சும் இரண்டுமே இருக்கும். எது வழுக்குகிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மலைநாட்டில் இது இன்னும் உறைக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அந்த உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்களவு மெல்லியதாக இருப்பதால் எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறையும். கொழும்பில் ஓட்டிப் பார்த்துச் சரி என்ற ஸ்பிரிங், இங்கே கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் பிடிக்கத் திணறும். வழுக்கும் நேரம் முழுக்கச் சூடு. ட்ரம் நீலம் பாய்ந்திருந்தால் பழைய ஸ்பிரிங்கும் அந்தச் சூட்டில் தளர்ந்திருக்கும், அதை அளவுக்கு மாதிரியாக எடுக்காதீர்கள். இறக்கத்தில் வேறு ஆபத்து. ஒருவழிக் கிளச் (சக்கரம் எஞ்சினைத் திருப்பும்போது பூட்டிக்கொள்வது) இல்லாத ஷூ வகையில், ஹார்ட் ஸ்பிரிங் ஷூவைச் சீக்கிரம் விடுவித்துவிடும். மெதுவாக இறங்கும்போது எஞ்சின் பிரேக் கிடைக்காது.

அடுத்தது, பைக்கின் பெயரைச் சொல்லி வாங்குவது. இத்தனை வயதான வண்டியில் எஞ்சின் மாறியிருக்கலாம், எம்.டி. 90 ஃபிரேமில் சீன 110 சி.சி. எஞ்சின் இருந்தால் 90க்கான ஸ்பிரிங் எதற்கு? எஞ்சின் நம்பரைக் குறித்துக்கொண்டு போங்கள். ஹொண்டா பார்ட் நம்பரில் முதல் ஐந்து இலக்கம் என்ன பாகம் என்பதைச் சொல்லும் (22401 கிளச் ஸ்பிரிங்), நடுவில் உள்ள மூன்று எந்த மொடலுக்கானது என்பதைச் சொல்லும். 22401 என்று மட்டும் பார்த்து வாங்கினால் வேறு பைக்கின் ஸ்பிரிங் வரும்.

நீளம் ஒன்றாக இருந்தால் போதும் என்ற நினைப்பும் பிழை. வேர்னியரில் (நுண்ணளவு பார்க்கும் கருவி) கம்பித் தடிப்பு, வெளி விட்டம், சும்மா நிற்கும்போதுள்ள நீளம், சுற்று எண்ணிக்கை நான்கையும் எடுங்கள். இதில் கம்பித் தடிப்புத்தான் கண்ணை ஏமாற்றும். 2 மி.மீ. கம்பி 2.2 ஆனால், மற்றவை மாறாவிட்டால், விறைப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடிவிடும். பெரிய தட்டுக் கிளச் ஸ்பிரிங் என்றால் கடையிலேயே ஒப்பிட வழி உண்டு: பழையதையும் புதியதையும் நடுவில் ஒரு வொஷர் வைத்து ஒரே நீண்ட போல்ட்டில் கோர்த்து நட்டை இறுக்குங்கள். இரண்டிலும் விழும் விசை ஒன்றே. அதிகம் குறுகுவது மெலிந்தது.

மெலிந்த ஸ்பிரிங்குக்கு அடியில் வொஷர் போட்டு ஒப்பேற்றும் பழக்கமும் இருக்கிறது. 2 மி.மீ. கம்பியில் 6 சுற்று என்றால் 12 மி.மீ.க்குக் கீழ் அது அமுங்காது. வொஷர் தின்ற இடம் போக, கியர் மாற்றும்போது ஸ்பிரிங் அந்த நீளத்தைத் தொட்டுவிட்டால் கிளச் விடாது, தட்டுகளை விடுவிக்கும் லிஃப்டர் அடிபடும். சுற்றை வெட்டிக் குறைப்பது அதைவிட மோசம்: விறைப்பு கூடும், ஆரம்ப அழுத்தம் குறையும், வெட்டிய முனை சாய்ந்து உட்காரும். இரண்டு ஸ்பிரிங் மட்டும் மாற்றுவதும் வேண்டாம். தட்டு சாய்வாக அழுந்தும். முழு செட்டாக மாற்றுங்கள்.

உண்மையில் பாதி நேரம் கோளாறு ஸ்பிரிங்கில் இருக்காது. கியரில் போட்டதும் வண்டி தானாக நகர்ந்தால் ஐட்லிங்கைக் குறைத்துப் பாருங்கள். பழைய கப்புக்கு 1,500 சுற்று அளவு போதும். காருக்குரிய, எரிபொருள் சிக்கனம் என்று போட்ட ஒயில் ஈரக் கிளச்சை, அதாவது ஒயிலில் நனைந்தபடி ஓடும் கிளச்சை, வழுக்க வைக்கும். டப்பாவில் ஜாசோ எம்.ஏ. (JASO MA, பைக் ஒயிலுக்கான ஜப்பான் தரக் குறியீடு) என்று இருக்க வேண்டும்; எம்.பி. ஆகாது. தட்டுகளைக் கண்ணாடியில் படுக்க வைத்து வளைவு பாருங்கள். கிளச் கூட்டின் காடிகளில் பள்ளம் விழுந்திருந்தால் எந்த ஸ்பிரிங் போட்டும் சரிவராது.

கவரின் ஸ்குரூ ஜப்பான் வெட்டு என்பதால் சாதாரண ஸ்டார் டிரைவர் வழுக்கித் தலையைத் தின்னும். இம்பேக்ட் டிரைவர் பாவியுங்கள். கிளச் நட்டுக்கு அதன் காடிகளில் பொருந்தும் சொக்கெட் வேண்டும், உளியால் தட்டிக் கழற்றாதீர்கள். நட்டு தளராமல் ஓரம் மடித்துவிடும் மடிப்பு வொஷர் புதிதாகவே போடுங்கள். புதுத் தட்டை ஒயிலில் ஊற வையுங்கள்.

எல்லாம் பூட்டியபின் பலர் விடுவது அஜஸ்டர். எஞ்சினை நிறுத்தி, கவரில் உள்ள லொக் நட்டைத் தளர்த்தி, நடுத் திருகை வலஞ்சுழியாக ஒரு சுற்று திருப்புங்கள். பிறகு இடஞ்சுழியாகத் திருப்பி, இலேசாகத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று விட்டு, திருகு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றுவதற்கு முன்பே இதை ஒரு தடவை செய்து, ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். வழுக்கல் அதோடு நின்றுவிட்டால் கடைக்குப் போகத் தேவையில்லை.