மிதக்கும் பனிப்பாறையைப் பின்தொடர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டர்வொர்த்தில் உள்ள என் வீட்டு மேசைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இளையோர் சிலர் மடிக்கணினியோடு வருகிறார்கள். அண்டார்டிக்காவில் உடைந்து மிதக்கும் பெரும் பனிப்பாறை ஒன்றைச் செயற்கைக்கோள் படங்களில் அடையாளம் கண்டு, அது அடுத்து எங்கே போகும் என்று நீரோட்டத் தரவுகளைக் கொண்டு கணிப்பதே பயிற்சி. படங்களும் தரவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. அவர்கள் தவறும்போது எனக்கு வரும் எரிச்சலில் பாதி என்மேல் வருவதுதான், ஏனெனில் அவையெல்லாம் நானே முன்பு செய்தவை. மேகத்தைப் பனிப்பாறை என்று குறிப்பதும், துருவக் குளிர்கால இருட்டில் ஒளிப்படம் தேடுவதும் இரண்டாம் வாரத்தில் தாமாகவே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு பாகை எங்கும் 111 கிலோமீட்டர் அல்ல

பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகை வடக்கேதான் இருக்கிறது. இங்கே கிழக்கு மேற்காக ஒரு பாகை நகர்ந்தாலும் வடக்கு தெற்காக ஒரு பாகை நகர்ந்தாலும் ஏறக்குறைய 111 கிலோமீட்டர்தான். தெற்கே 60 பாகையில் கிழக்கு மேற்குப் பாகை அதில் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. பனிப்பாறை ஒரே நாளில் 40 கிலோமீட்டர் ஓடிவிட்டது என்று போன மாதம் ஒரு தம்பி துள்ளிக் குதித்தார். அது ஓடியது 20 கிலோமீட்டர்.

மூலையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது

கூரான மூலை கண்ணில் எளிதாகப் படும் என்பதால் எல்லோரும் அதையே குறிக்கிறார்கள். பனிப்பாறை சுழலும்போது, அது நின்ற இடத்திலேயே நின்றாலும் மூலை பல பத்துக் கிலோமீட்டர் பயணம் செய்யும். விளிம்பு முழுவதையும் வரைந்து நடுப்புள்ளியைக் கணக்கிடுங்கள். சுழற்சியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

திசை

காற்றின் திசை என்று சொல்வது அது வரும் திசையை. நீரோட்டத்தின் திசை என்று சொல்வது அது போகும் திசையை.

மேல் நீரை மட்டும் நம்புவது

இந்தத் தவறுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. ஏ-23ஏ என்ற பனிப்பாறை 1986-ஆம் ஆண்டு ஃபில்க்னர் பனியடுக்கிலிருந்து (நிலத்திலிருந்து கடல்மேல் நீண்டு மிதக்கும் பனித்தட்டு) உடைந்து, வெடல் கடலில் தரைதட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடந்து, 2020-இல் மெல்ல நகரத் தொடங்கியது. அப்போது அதன் பரப்பு ஏறத்தாழ 3,900 சதுர கிலோமீட்டர், அதாவது பினாங்குத் தீவைப் போல் பதின்மூன்று மடங்கு. 2024-இன் தொடக்கத்தில் அது நல்ல வேகத்தில் வடக்கே வந்துகொண்டிருந்தது. நான் கடல்மட்ட நீரோட்டத்தை எடுத்து, பத்து வாரங்களில் தென் ஜார்ஜியா தீவை நெருங்கும் என்று கணித்து, நீண்ட சிவப்பு அம்பு ஒன்றை வரைந்து, ஜார்ஜ் டவுனில் ஆளுயரச் சுவரொட்டியாக என் கைக்காசில் அச்சடித்து, ஆகஸ்டு மாதக் கூட்டம் ஒன்றுக்காகக் கோலாலம்பூருக்கு எடுத்துச் சென்றேன்.

ஆனால் ஏப்ரல் மாதத்திலேயே அது தென் ஓர்க்னி தீவுகளுக்கு அருகில் நின்றுவிட்டிருந்தது. அங்கே கடலடியில் பிரீ மேடு என்ற அகன்ற மேடு இருக்கிறது. ஓடிவரும் நீர் அத்தகைய மேட்டில் மோதும்போது, பூமியின் சுழற்சியால், மேட்டுக்கு மேலுள்ள நீர் தனித் தூணாகப் பிரிந்து சுழலும். இதை டெய்லர் தூண் என்பார்கள். அதற்குள் சிக்கிய பனிப்பாறை நாளொன்றுக்குச் சுமார் 15 பாகை வீதம் இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே, டிசம்பர் வரை அங்கேயே இருந்தது. இது தற்காலிகத் தாமதம்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, அம்பைத் திருத்தாமலே கூட்டத்துக்குப் போனேன். சுவரொட்டி முன் நின்ற முதியவர் ஒருவர், கடலியலில் ஊறியவர், "இது எந்த ஆழத்து நீரோட்டம்மா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இப்படிப்பட்ட பனிப்பாறையின் தடிமனில் பெரும்பகுதி, பல நூறு மீட்டர், நீருக்குள் இருக்கிறது. ஃபெரியிலிருந்து விழுந்த காலிப் போத்தலை இழுத்துச் செல்லும் மேல் நீர், அவ்வளவு ஆழத்துக்கு இறங்கிய உடலின் ஓர் ஓரத்தைத்தான் தொடுகிறது. இருந்தும் ஏன் எல்லோரும் மேல் நீரையே எடுக்கிறார்கள் என்றால், தரவுக் கோப்பைத் திறந்ததும் முதல் அடுக்காக அதுதான் வந்து நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் கடல் சேவை தரும் உலகளாவிய மறுபகுப்பாய்வில், அதாவது அளவீடுகளையும் கணினி மாதிரியையும் இணைத்துக் கடலின் கடந்தகால நிலையை மீட்டுருவாக்கிய தரவில், 50 ஆழ அடுக்குகள் உள்ளன, முதல் அடுக்கு அரை மீட்டர் ஆழத்தில். அதை மட்டும் எடுத்துவிட்டு "நீரோட்டத்தைச் சேர்த்துவிட்டேன்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால், எனக்கு அந்தச் சிவப்பு அம்புதான் நினைவுக்கு வருகிறது.

இதைச் சொல்லிக்கொடுத்த பிறகு வருவது இன்னும் நுட்பமான தவறு. பனிப்பாறையின் அடிவரை எல்லா அடுக்குகளையும் எடுத்து, கூட்டி, எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். மேலே உள்ள 100 மீட்டருக்குள் மட்டும் 22 அடுக்குகள் நெருக்கமாக இருக்கின்றன, அடுத்த 200 மீட்டருக்கு ஏறக்குறைய 6 அடுக்குகளே உள்ளன. ஆகவே, உடலில் மூன்றில் ஒரு பங்கான மேற்பகுதி சராசரியில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொள்கிறது. சுற்றி வளைத்து மறுபடியும் மேல் நீருக்கே வந்து சேர்கிறோம். ஒவ்வோர் அடுக்கையும் அதன் தடிமனால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

பனிப்பாறையின் அடி இறங்கியிருக்கும் அந்த ஆழமும் மாறாத எண் அல்ல. 2017-இல் லார்சன் சி பனியடுக்கிலிருந்து பிரிந்த ஏ-68 தொடக்கத்தில் சராசரி 235 மீட்டர் தடிமனாக இருந்தது, மிதந்து செல்கையில் 67 மீட்டர் உருகி மெலிந்தது. முதல் நாள் ஆழத்தையே கடைசி வரை வைத்திருந்தால், அது எளிதாகக் கடந்துபோன கடலடித் திட்டில் உங்கள் கணிப்பு தரைதட்டி நிற்கும்.

அடுக்குகளைச் சரியாகச் சேர்த்திருந்தால் அந்தச் சுழலை முன்கூட்டியே சொல்லியிருப்பேன் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. கடலடி வரைபடத்தை அருகில் விரித்திருந்தால், அந்த மேட்டை ஒட்டியாவது ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன், அம்பு போட்டிருக்க மாட்டேன். ஏ-23ஏ ஒருவழியாக 2025 மார்ச்சில் தென் ஜார்ஜியாவுக்கு அருகே வந்து தரைதட்டியது. இடம் சரியாக வந்துவிட்டதே என்று வீட்டில் ஆறுதல் சொன்னார்கள். காலம் தவறிய கணிப்பைக் கப்பலோட்டி எவரிடமும் கொடுக்க முடியாது. சுவரொட்டி இன்னும் அலமாரிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

கொரியோலிஸ் விளைவின் குறி

பூமியின் சுழற்சி, ஓடும் நீரையும் காற்றையும் பக்கவாட்டில் திருப்புவதே இந்த விளைவு. தெற்கில் அது இடப்பக்கம் திருப்பும். நம் ஊர்ப் பாடநூலில் உள்ள படம் வடக்கிற்கானது.

ரேடாரில் வெள்ளையாகவே இருக்கும் என்று எண்ணுவது

சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் என்பது உண்மை. ஆனால் கோடையில் மேற்பரப்புப் பனி ஈரமாகிவிட்டால் அது ரேடார் அலையை விழுங்கிக்கொள்வதால் பனிப்பாறை கருத்துத் தெரியலாம், அதே நேரத்தில் காற்றடித்துச் சிலிர்த்த கடல் வெளுத்துத் தெரியலாம். அந்த மாதங்களில் வெண்மையைத் தேடாமல் உருவத்தைத் தேடுங்கள்.

நேரம்

படத்தில் இருப்பது உலகப் பொது நேரம். நம் கடிகாரம் அதற்கு 8 மணி நேரம் முந்தியது.

பெயர் மாறியதும் பாறை மறைந்துவிட்டது என்று நினைப்பது

ஏ-68-இலிருந்து பெரிய துண்டு ஒன்று உடைந்து பிரியும்போது அதற்கு ஏ-68பி என்று பெயர் வரும், தாய்ப்பாறை அன்று முதல் ஏ-68ஏ ஆகிவிடும். ஏ-68 என்ற பெயரிலுள்ள தடத் தரவு அன்றோடு நின்றுபோவது அதனால்தான். ஏ-68, ஏ-68ஏ ஆகிய இரண்டு கோப்புகளையும் ஒட்டி, ஒரே தடமாக வரையுங்கள்.