நெப்டியூனுக்கு நடந்து போவது எப்படி

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் புத்தகத்தில் சூரியக் குடும்பம் முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. பூமிக்குப் பக்கத்து வீடு மாதிரி செவ்வாய். "இவ்வளவு பக்கத்திலயாப்பா?" என்றாள். சூரியன் மட்டுமே 14 கோடியே 96 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்றேன். தலையாட்டினாள். எனக்கும் அந்த எண் ஒருநாளும் புரிந்ததில்லை என்பதால் அந்தத் தலையாட்டல் நன்றாகவே புரிந்தது. சரி, நடந்தே பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

ஒரு கால்பந்தும் அஞ்சறைப்பெட்டியும் போதும். பந்தின் குறுக்களவு 22 சென்டிமீட்டர், அதுதான் சூரியன். இந்தக் கணக்கில் பூமி 2 மில்லிமீட்டர், அதாவது கொஞ்சம் பெரிய கடுகு. செவ்வாய்க்குக் கசகசா, வியாழனுக்கு அரைநெல்லிக்காய், நெப்டியூனுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை. கடுகையும் கசகசாவையும் வெள்ளை அட்டையில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். முதல் நாள் கையிலேயே எடுத்துப் போனோம். தெரு முடிவதற்குள் பூமி தொலைந்துவிட்டது.

டேப் வைத்து அளக்கவேண்டாம், எட்டு வைத்து எண்ணினால்தான் தூரம் உடம்பில் ஏறும். என் எட்டு 75 சென்டிமீட்டர். உங்களுடையதை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பந்தை வாசலில் வைத்துவிட்டு நடந்தால் 31-வது எட்டில் பூமி. கடுகு அட்டையை அங்கே வைத்துவிட்டுத் திரும்பிப் பந்தைப் பாருங்கள். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் பந்து மறைந்துவிடும். வானத்துச் சூரியனின் அளவும் அதேதான், கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி. (நிஜச் சூரியனை உற்றுப் பார்த்துச் சோதிக்க வேண்டாம்.)

இப்போது கடுகிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரவைத் துணுக்கு வையுங்கள். அது நிலா. மனிதர்கள் இதுவரை போன அதிகபட்சத் தூரம் அந்த மூன்று விரல் அகலம்தான். என் மகள் குனிந்து விரல் வைத்து அளந்துவிட்டு, "இதுக்கா ராக்கெட்?" என்றாள்.

செவ்வாய் 48-வது எட்டில். அப்புறம்தான் கால் வலிக்கும். வியாழன் 163, சனி 300, நெப்டியூன் 940 எட்டு, கிட்டத்தட்ட 700 மீட்டர். எங்கள் தெரு வியாழனோடு முடிந்துவிட்டது, மிச்சத்தைக் கண்மாய்க் கரையில் நடந்தோம். கொண்டைக்கடலையை வைத்துவிட்டுத் திரும்பினால் பந்து எங்கே என்றே தெரியவில்லை. வழிநெடுக ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பு வந்தால் நடை பலித்துவிட்டது.

எனக்குப் பிடித்தது வெளிச்சத்தின் கணக்கு. நிஜத்தில் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும் வெளிச்சம், இந்தத் தெருவில் விநாடிக்கு 5 சென்டிமீட்டர்கூடப் போகாது. எறும்பு ஊர்கிற மாதிரிதான். பந்திலிருந்து கடுகுக்கு வர 8 நிமிடம் 20 விநாடி, கொண்டைக்கடலைக்கு 4 மணி நேரத்துக்கு மேல். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இத்தனை வருடங்களில் எங்கள் வாசலிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர்தான் போயிருக்கிறது.

அடுத்த நட்சத்திரம் எங்கே என்று கேட்பார்கள், தயாராக இருங்கள். பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு (வெளிச்சம் ஒரு வருடத்தில் போகும் தூரம்தான் ஒளியாண்டு). பந்துக் கணக்கில் 6,300 கிலோமீட்டர். பந்து சென்னையில் இருந்தால் அது ஏறக்குறைய டோக்கியோவில். நடுவில் வேறு நட்சத்திரம் கிடையாது.

நம் சூரியன் இருக்கும் விண்மீன் மண்டலமான பால்வீதிக்கு இந்த அளவுகோல் ஆகாது. ஒரு லட்சம் ஒளியாண்டு அகலத்தை இதில் சுருக்கினாலும் 15 கோடி கிலோமீட்டர் வருகிறது. எந்த எண் புரியாமல் வீட்டை விட்டுக் கிளம்பினோமோ, அதே எண்! அதனால் பந்தை ஓரம் கட்டிவிட்டுத் தோசைக்கு மாறினோம். பால்வீதியும் தட்டையானதுதானே. 30 சென்டிமீட்டர் தோசை ஒன்று பால்வீதி என்றால், 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் இன்னொரு விண்மீன் மண்டலமான ஆன்ட்ரோமீடா ஏழரை மீட்டரில் வந்துவிடும். நட்சத்திரங்கள் ஒன்றையொன்று விட்டு அவ்வளவு தள்ளி நிற்க, விண்மீன் மண்டலங்கள் இப்படி நெருங்கி உட்கார்ந்திருப்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். எங்கள் வீட்டில் ஒரு தோசை அடுப்படியில், இன்னொன்று திண்ணையில். திண்ணைத் தோசையைக் கொஞ்சம் பெரிதாக ஊற்றுங்கள். ஆன்ட்ரோமீடா நம்முடையதைவிட அகலம்.